பிஸ்கட் டப்பா மாத்திரைகள்

கேனட் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி ஹெட்லிக்கு,

அக்கா மெல்வினா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தான் ஆம்புரோஸும் சுகம். அங்கே உன் சுகத்தை விசாரித்து எழுதுவதுதான் முறை. ஆனால் போனில் விசாரித்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா" என்கிறாய். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் உன் ஆல்பர்ட்டா வேலை முகாமில் உடனே சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், பாதியில் வைத்துவிடவும் முடியாது.

துறைமுகம் பனிக்கட்டியால் அடைத்துக் கிடக்கிறது. உன் அத்தான் பின்கட்டில் நண்டு பிடிக்கிற கூடுகளைப் பழுது பார்க்கிறேன் என்று உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கூட்டுக்கு இரண்டு நாள் ஆகிறது. கேட்டால் பருவம் ஏப்ரலில்தானே என்கிறார். இந்த வேகத்தில் போனால் எந்த ஏப்ரல் என்று நான் கேட்கவில்லை, வீட்டில் சமாதானம் முக்கியம்.

எங்களுக்கு இன்னும் டாக்டர் இல்லை. இருந்தவர் போய் இரண்டு வருஷமாகிறது. குடும்ப டாக்டர் வேண்டுபவர்கள் பெயர் கொடுங்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நானும் கொடுத்தேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று போனில் கேட்டதற்கு அந்தப் பெண், "அதைக் கேக்காம இருந்தீங்கன்னா உங்களுக்கு ரத்தக் கொதிப்பாவது ஏறாம இருக்கும்மா" என்றாள். நல்ல பெண், உள்ளதைச் சொல்கிறாள். செவ்வாய்தோறும் ஒரு நர்ஸ் வருகிறார், டாக்டரைப் போலவே பார்த்து மருந்தும் எழுதித் தருகிறார். சின்னச் சின்ன நோவுக்கு மருந்துக்கடை லாயிடே எழுதித் தரலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். மற்றதற்கெல்லாம் திரை டாக்டர். போன மாதம் அவர் என் காலைப் பார்க்க வேண்டும் என்றார். உன் அத்தான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார். டாக்டர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அடுப்புல மீன் கருகுது போல இருக்கே" என்றார். கருகித்தான் போயிருந்தது. கெட்டிக்காரர்.

கால் என்றதும் நீ கடிதத்தை மடிக்கப் பார்ப்பாய். கொஞ்சம் பொறு.

கீப்பிங் குடும்பத்துக் காலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பதைத் தொட்டதும் நம்மில் பாதிப் பேருக்குக் கால் மரக்கட்டையாக இறுக ஆரம்பிக்கும். ஐம்பதில் கைத்தடி, அறுபதில் சக்கர நாற்காலி. அப்பா நாற்காலியில் இருந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார். எனக்கு ஐம்பத்தேழு, கைத்தடி வந்து ஐந்து வருஷம். உனக்கு நாற்பத்து நான்கு. அப்பாவுக்கு இருந்ததால் நமக்கு ஆளுக்குப் பாதி வாய்ப்பு, நாணயம் சுண்டிவிடுகிற மாதிரி. என் நாணயம் விழுந்துவிட்டது. உன்னுடையதை நீ முப்பது வருஷமாக விழவிடாமல் மேலேயே வைத்திருக்கிறாய்.

இப்போது நல்ல செய்தி. அக்டோபரிலிருந்து நான் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறேன். நம் காலுக்கென்றே ஒரு மாத்திரை. நாடு முழுக்க அறுபத்து நான்கு பேர், அதில் மூன்று பேர் நம் ஊர்க்காரர்கள்: நான், நம் சித்தப்பா மகன் கிளார், அவன் தங்கை டுரூசில்லா. முன்னொரு தடவை ஆராய்ச்சிக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி எல்லோரிடமும் இரத்தம் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்துவிட்டு, பிறகு முகத்தையே காட்டாமல் போனார்களே, அப்போது உனக்குப் பத்து வயது, அந்த மாதிரி ஆட்கள் இல்லை இவர்கள். செயின்ட் ஜான்ஸிலிருந்து டெனீஸ் என்று ஒரு நர்ஸ் ஒன்பது மணி நேரம் காரோட்டி நம் வாசலுக்கே வருகிறாள். எடுத்த இரத்தத்தில் என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொல்கிறாள். நான் ஊற்றுகிற தேநீரைக் குறை சொல்லாமல் குடிக்கிறாள்.

பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, டெனீஸுக்கும் தெரியாது. கிளார் முதல் நாளே ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது மாவேதான், எனக்கு என்னிக்கு நல்லது கெடச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். எனக்கோ ஆறாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தேவாலயத்துப் படி ஒன்பதையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன், ஹெட்லி. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கீழே டுரூசில்லா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு நாற்பத்தாறுதான். அந்த ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

நம் ஊரில் ஒருவர் தின்ன ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வழக்கம் என்றைக்காவது உண்டா? கிளார் ஒரு மூஸ் மானைச் சுட்டால் ஏழு வீட்டுக் குளிர்ப்பெட்டி நிறைகிறது. ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். ஜனவரி நடுவில், புதன்கிழமை மத்தியானச் சீட்டாட்டத்துக்கு அவர்கள் இருவரும் வந்தபோது, மூன்று புட்டியையும் கொண்டுவரச் சொல்லி, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் மொத்த மாத்திரையையும் கொட்டி, நன்றாகக் குலுக்கி, எண்ணி எண்ணி மறுபடி மூன்று புட்டியிலும் போட்டேன். இப்போது எல்லோருக்கும் நிஜமும் கொஞ்சம், மாவும் கொஞ்சம். டுரூசில்லா அழுதுவிட்டாள். கிளார், "போன வாரம் சீட்டுல ஏமாத்தினவ இந்த வாரம் புண்ணியம் தேடுறா" என்றான். புதுப் புட்டி வரும்போதெல்லாம் இதே ஏற்பாடுதான். இதில் எனக்கு நஷ்டம் என்று தெரியும், ஆனாலும் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. கிரேன் ஓட்டுகிற வேலை போய்விடும், காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிடுவான் என்கிறாய். வேலைக்கோ காப்பீட்டுக்கோ மரபணுச் சோதனை செய் என்றோ, செய்த முடிவைக் காட்டு என்றோ யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒட்டாவாவில் சட்டம் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. மீறினால் சிறை வரைக்கும் போகும் என்று டெனீஸ் சொன்னாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார்.

குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அன்பு அக்கா,
மெல்வினா


கேனட் கோவ்,
7 மே 2024

அன்புத் தம்பி ஹெட்லிக்கு,

இந்தப் பக்கம் எல்லோரும் உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருக்கிறோம். என் நாலு பக்கக் கடிதத்துக்கு உன்னுடைய பதில் வந்து சேர்ந்தது: போனில் ஒரு கட்டைவிரல் படம். நகம் வெட்டியிருக்கிறாயா என்றுகூட அதில் தெரியவில்லை.

போன கடிதத்தில் பெருமையடித்து ஒரு விஷயம் எழுதியிருந்தேன் அல்லவா, பிஸ்கட் டப்பா விஷயம். அதைக் கிழித்துப் போட்டுவிடு. உன் அக்கா எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்க வேண்டாம்.

ஏப்ரல் முதல் வாரம் டெனீஸ் வந்தாள். இந்த முறை எங்கள் மூன்று பேரை மட்டும் பார்க்காமல், கீப்பிங் இரத்தம் உள்ள எல்லோரையும் தேவாலயக் கூடத்துக்கு மத்தியானம் கூப்பிட்டாள். பட்டாணி சூப் என் பொறுப்பு. முப்பது பேர் வந்திருந்தார்கள். இன்னும் கால் இறுகாத, ஆனால் இரத்தத்தில் நோய் இருக்கிற இளையவர்களுக்கு அடுத்த ஆராய்ச்சி தொடங்கப் போகிறார்கள் என்றாள். முன்கூட்டியே கொடுத்தால் காலை இறுகவே விடாமல் தடுக்கலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நான் சூப் ஊற்றிக்கொண்டே உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் சொன்னாள்: "ஆனா அது இப்ப நடக்குற ஆராய்ச்சியப் பொறுத்துதான். மருந்து சாப்பிட்டவங்களுக்கும் மாவு சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் தெரியணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா, இந்த மருந்தால பிரயோஜனமில்லன்னு அலமாரியில வெச்சுப் பூட்டிருவாங்க. அறுபத்து நாலே பேரு. ஒவ்வொருத்தர் கணக்கும் பெரிய கணக்கு."

ஹெட்லி, கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடக் கூடாது என்கிறாள். ஒரே மாதிரி ஆகட்டும் என்றுதானே நான் டப்பாவைக் குலுக்கினேன். உனக்கு வரவேண்டிய மருந்தை உன் அக்காவே பூட்டி வைக்கப் பார்த்திருக்கிறேன்.

கிளார் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். அடுப்படிப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "மாத்திரை எண்ணிக்கை சரியா இருக்கு. நீயா சொல்லாட்டி எவனுக்கும் தெரியாது. சொன்னேன்னு வெச்சுக்க, மூணு பேரையும் வெளிய தள்ளிருவாங்க. எனக்கென்ன, எனக்கு மாவு. டுரூசில்லாவ நெனச்சுப் பாரு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. டுரூசில்லா கூடத்தில் உட்கார்ந்து யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். சொன்னால் அவளுக்குக் கேடு, சொல்லாவிட்டால் உனக்குக் கேடு. அரை மணி நேரம் நான் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாத்திரம் வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கடைசியில் டுரூசில்லாவிடமே போய்க் கேட்டேன். அவள் குழந்தையைக் கீழே விடாமலே, "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல" என்றாள்.

எல்லோரும் போன பிறகு டெனீஸைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அவள் அடுப்படியில் இருந்த மாவு வாளி மேலேயே உட்கார்ந்தாள், நாற்காலி தேடவில்லை. பிறகு எத்தனை வாரம் என்று கேட்டாள். பதினொன்று என்றேன். யாருடைய யோசனை என்றாள். என்னுடையது, மற்ற இருவரையும் நான்தான் இழுத்துவிட்டேன் என்றேன். டப்பாவை நன்றாகக் குலுக்கினீர்களா என்று கேட்டாள். மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் குலுக்கினோம் என்றேன். அதற்குத்தான் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல மாத்திரைய மறந்தவங்களப் பாத்திருக்கேன், நாய்க்குப் போட்டவங்களப் பாத்திருக்கேன். பங்கு போட்டுத் தின்னவங்கள இப்பதான்க்கா பாக்குறேன்" என்றாள். மூன்று புட்டியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தான் இதை மேலே எழுதித்தான் ஆக வேண்டும், பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் ஒரு தகவலும் இல்லை. கிளார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமானால் உன் அத்தானிடம் சொல்வான், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். "ஆம்புரோஸ், உங்க வீட்டம்மா எங்க கோடரிய எடுத்திருந்தா திருப்பித் தரச் சொல்லு." உன் அத்தான் என் பக்கம் திரும்பி, "கோடரி" என்பார். மாதம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. டுரூசில்லா மட்டும் தினம் வந்து, அடுத்த நாள் பேச என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்துப் பேசிவிட்டுப் போவாள்.

நேற்று டெனீஸ் திரையில் வந்தாள். வெளியே தள்ளவில்லை, ஹெட்லி. எங்களுடைய அந்தப் பதினொரு வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இப்போதே வந்து சொன்னதால்தான் இப்படிச் செய்ய முடிந்தது, கடைசி வரைக்கும் மறைத்திருந்தால் மொத்தமும் கோணியிருக்கும் என்றாள். புதுப் புட்டிகள் வரும், ஆளுக்கு ஆள் தனித்தனியாக. புட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்குமாம், 'பகிர்ந்துகொள்ளக் கூடாது' என்று. நாட்டில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் இதென்ன அதிசயமான எச்சரிக்கை என்று நினைப்பார்கள்.

கிளாருக்குச் சொல்லியனுப்பினேன். அவனே வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, என்னைப் பார்த்தே, "கோடரி எங்கடி" என்றான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

நீ உன் பங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் திரும்பத் திரும்பச் சொல்வதாக இல்லை. இந்த ஒரு தடவைதான். இரத்தம் கொடு.

உன் நன்மையை நாடும்,
அக்கா மெல்வினா


கேனட் கோவ்,
16 நவம்பர் 2025

என் அன்புள்ள ஹெட்லிக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை. நண்டுப் பருவம் நன்றாகப் போயிற்று. உன் அத்தான் கூரையில் ஏறி ஓடு மாற்றுகிறேன் என்று சொல்லி, நல்லவேளையாக ஏறவில்லை. ஏழு போத்தல் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் போட்டிருக்கிறேன், இரண்டு உனக்கு.

ஊருக்கு டாக்டர் வந்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண், கையெழுத்தைப் படிக்க முடிகிறது. மாதத்தில் இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் அடுத்த கரையில். ஊரே கேக் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து அவளுக்குச் சர்க்கரை வியாதி வரவழைத்துவிடும் போலிருக்கிறது. எப்படியாவது அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று கிளார் தன் அக்காள் மகனைக்கூடக் கல்யாணத்துக்குக் காட்டிவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே, நல்ல படகு இருந்தால் யோசிக்கலாம் என்றாளாம்.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. கணக்குப் பார்க்க இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. போன வியாழக்கிழமை டெனீஸ் மூன்று கவரோடு வந்தாள். யார் எதைச் சாப்பிட்டோம் என்பது உள்ளே. என் வீட்டு மேசையில்தான் பிரித்தோம்.

கிளாருக்கு நிஜ மருந்து. இரண்டு வருஷமாக மாவு மாவு என்று ஊரெல்லாம் ஒப்பாரி வைத்தவன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தப்பா அச்சடிச்சிருப்பாங்க" என்றான். டுரூசில்லாவுக்கும் நிஜ மருந்து. நான் என் கவரைப் பிரிக்கவே இல்லை, எனக்குத்தான் ஆறாவது வாரத்திலேயே தெரியுமே. டெனீஸ் பிரிக்கச் சொன்னாள்.

எனக்கு மாவு, ஹெட்லி. முதல் நாளிலிருந்து மாவு.

சோளமாவும் கொஞ்சம் சர்க்கரையும் தின்றுவிட்டு ஒன்பது படி ஏறியிருக்கிறேன். கைப்பிடியைத் தொடாமல். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குக் கால் லேசாக இருந்தது, முழங்கால் மடங்கியது, நான் கற்பனை செய்யவில்லை. இல்லை, கற்பனைதான் செய்திருக்கிறேன், ஆனால் அது கற்பனை என்று என் காலுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அடுத்தது உறைத்தது. தருமம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு டப்பாவைக் குலுக்கிய பதினொரு வாரமும் நான் அவர்கள் வாயிலிருந்த மருந்தைப் பிடுங்கித் தின்றுவிட்டு என் மாவை அவர்களுக்கு ஊட்டியிருக்கிறேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளடி என்று டுரூசில்லாவின் கையைப் பிடித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுக்கில் இருந்த தட்டு அதிர்ந்தது. "பதினோரு வாரம் உன் மாவத் தின்னிருக்கேன். அதுல ஒரு கேக் சுட்டுக் குடுத்திருந்தா ருசியாவாச்சும் இருந்திருக்கும்" என்றாள். கிளார், "நான் சொன்னேன்ல, சீட்டுலயும் ஏமாத்துவா, மருந்துலயும் ஏமாத்துவா" என்றான். உன் அத்தான்கூடச் சிரித்தார். நான் கடைசியாகச் சிரித்தேன், ஆனால் நிறைய நேரம் சிரித்தேன்.

முடிவு இதுதான். மருந்து வேலை செய்கிறது. இறுகிப்போன காலை அது இளக்குவதில்லை. ஆனால் இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. டுரூசில்லாவின் கால் இரண்டு வருஷத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. படகுத்துறை வரைக்கும் நடந்து போய் வருகிறாள். கிளாருக்கு ஓரளவு. மாவு தின்ற எங்கள் எல்லோருக்கும் இப்போது நிஜ மருந்து கொடுக்கிறார்கள். எனக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று டெனீஸ் மறைக்காமல் சொன்னாள். சொன்னவளுக்குத்தான் கண் கலங்கியது. நான் அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன். என் ஃபெர்ரிப் படகு கரையை விட்டுப் போய்விட்டது, தம்பி. அதற்காக நான் அழுது முடித்து ரொம்ப நாளாகிறது. வசந்தத்தில் சக்கர நாற்காலி வருகிறது. உன் அத்தான் வாசலில் சாய்வுப் பாதை போடுகிறார், இதையாவது அவர் சீக்கிரம் முடிப்பார்.

உன் ஃபெர்ரி இன்னும் கயிறு அவிழ்க்கவில்லை. இளையவர்களுக்கான ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. ஜனவரி முடிய ஆள் சேர்க்கிறார்கள். நீ இங்கே வரக்கூட வேண்டாம், எட்மன்டனிலேயே இரத்தம் கொடுக்கலாம். அதற்கு முன்னால் உன்னோடு திரையில் உட்கார்ந்து நிதானமாகப் பேச ஓர் ஆள் இருக்கிறார். டெனீஸின் போன் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ இன்னார் என்று சொல்ல வேண்டாம், மெல்வினாவின் தம்பி என்றால் போதும். பிஸ்கட் டப்பா மெல்வினா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியுமாம்.

இப்போது நான் ஒன்றைச் சொல்லப் போகிறேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது, படகிலிருந்து துறைமேடையில் கால் வைக்கும்போது உன் அத்தானின் தோளைப் பிடித்தாய். அலை தூக்கிவிட்டது என்றாய். அன்றைக்கு அலையே இல்லை, ஹெட்லி. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அன்று மத்தியானம் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் கிடந்த உன் பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று நீதான் சொல்லியிருந்தாய். இடது பூட்ஸில் கட்டைவிரல் பக்கம் மட்டும் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. அப்பாவுக்கும் அங்கேதான் முதலில் தேய்ந்தது. எனக்கும் அங்கேதான். பூட்ஸை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்து உனக்கு மீன் வறுத்தேன்.

அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அடுத்த ஆகஸ்டில் வராமல் இருந்துவிடுவாயோ என்று பயம். மூன்று மாதமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு தின்கிறேன். என் கோழைத்தனத்தால் உனக்கு மூன்று மாதம் போய்விட்டது, அதற்கு என்னை மன்னித்துவிடு.

"என் காலுக்கு ஒண்ணுமில்லக்கா, எனக்குத் தெரியாதா" என்பாய். உனக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது. கிளாருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேரும் சத்தியம் செய்து தலைகீழாகச் சொன்னோம். உன் காலில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். என் கண் தப்பாகவும் இருக்கலாம், அப்படி இருந்தால் நான் பட்டுக்கொள்கிற வெட்கத்தை ஊர் கூட்டிக் கொண்டாடுவேன். ஆனால் உன்னையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. இரத்தத்தைக் கேள்.

முடிவு எதுவானாலும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. அது உன்னுடையது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது, அக்காவுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஊசி குத்திக்கொண்டாய் என்று மட்டும் ஒரு வரி எழுது. மற்றதை நான் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அப்படியும் கேட்க மாட்டேன்.

உன் கால் நெடுநாள் உன் பேச்சைக் கேட்டு நடக்கட்டும், என் கண்ணே.

என்றும் உன் அக்கா,
மெல்வினா